மூச்சைத் துடைத்த ஆப்

மைனி,

முதலில் பிள்ளைகள் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பெரியவன் மகள் பி.காம். முடித்து முலுண்டில் ஒரு வங்கியில் சேர்ந்துவிட்டாள். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு எட்டு இருபது லோக்கலைப் பிடிக்கிறாள். சுனாபட்டியில் இருக்கும் மகள் வீட்டுப் பேரனுக்கு முதல் சுற்றிலேயே இன்ஜினியரிங் இடம் கிடைத்தது. சின்னவன் மகள் மராத்திப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் எழுந்து கைதட்டினார்கள். தமிழில் கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள், அதை மட்டும் நீ கேட்காதே. அவள் தம்பி நீச்சலில் வெண்கலம் வாங்கியிருக்கிறான். தாராவியில் நம் சால் குடியிருப்பில் தண்ணீருக்காகப் பதக்கம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். குழாயடியில் நாம் இரண்டு பேரும் ஜெயித்ததற்கெல்லாம் அந்தக் காலத்தில் யாரும் மேடை போடவில்லை.

இந்த நாலு பேருடைய சான்றிதழ், பதக்கம், மேடை, மாலை எல்லாம் படமாக என் போனுக்குள் கிடக்கிறது. அது தாங்காமல்தான் போன் இன்று காலை அடம் பிடித்தது. நேற்றுத்தான் கோயில் கொடை முடிந்தது. விடிந்து போனைத் திறந்தால் "இடம் இல்லை" என்கிறது. "இவற்றை நீக்கலாமா?" என்று மூன்று ஆப்களை வரிசையாகக் காட்டுகிறது. மூன்றும் பாட்டு ஆப். ஒன்று மத்தளம் போட்டது. ஒன்று சிவப்பு வட்டம் போட்ட ரெக்கார்டர். ஒன்று உனக்குத் தெரியாது, நீ போன பிறகு நான் இறக்கியது.

காலையிலிருந்து நாலு தடவை போனை எடுத்தேன். நாலு தடவையும் கவிழ்த்து வைத்தேன். அரிசியைக் களைந்தேன், களைந்ததையே மறுபடி களைந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்லாமல் இது அடங்காது. அதற்காகத்தான் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், போன வருடக் கொடையில் கடைசி நாள் பாட்டுக்கு நடுவே நீ மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். முளைப்பாரிச் சட்டிகளைச் சுற்றி நாற்பது பெண்கள் கைதட்டி வருகிறோம். நீ ஒரு அடி பாடவேண்டும், நாங்கள் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். நீ நின்றதும் வட்டமே நின்றது. "ஒண்ணுமில்ல, எச்சி பொரையேறிட்டு" என்று சொல்லி மறுபடி எடுத்தாய். ஆனால் அது எச்சில் இல்லை என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். சயான் ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர் பாடவே கூடாது என்றார். வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறியதும் நீ சொன்ன முதல் வார்த்தை, "அப்ப அடுத்த வருசம் யாருளா எடுத்துக் குடுப்பா?"

நாற்பது வருடமாக உனக்குத் திருப்பிச் சொன்னவள் நான். உன் இடத்துக்கு எனக்கு ஆசை இருந்தது, மைனி. இல்லை என்று சொன்னால் பொய். அந்த ரிக்‌ஷாவில் நீ என்னைக் கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்டது வேறு.

"ஒம் போனுல பாட்டு புடிச்சு வைக்கலாமாம்லா? எம் மருமவ சொன்னா. நான் இப்பவே பாடி வச்சிட்டா, கொடைக்கு அத ஸ்பீக்கர்ல போட்டு நீங்க திருப்பிச் சொல்லிக்கிடுங்க. நான் செவனேன்னு உக்காந்திருப்பேன்."

அப்படித்தான் ஆப் தேடும் வேலை ஆரம்பித்தது. மத்தியானம் சமையல் முடிந்து, குழாயில் தண்ணீர் வருவதற்குள் நமக்கு இரண்டு மணி நேரம். என் கோலியில், அந்த ஒற்றை அறையில், பாயை விரித்து நடுவில் போனை வைப்போம். மைக் படத்தை அழுத்தி "பாட்டுப் பதிவு செய்ய" என்று நான் சொன்னால் கொட்டோ கொட்டென்று ஆப்கள் வந்து விழும். "நீ அஞ்சாப்பு படிச்சவ, நீ அழுத்து. நான் காதால பாத்துச் சொல்லுதேன்" என்பாய். கடையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் புரட்டினோம்.

முதலில் வந்தது அந்த மத்தள ஆப். பாட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தட்டியது. நீயும் சரியென்று ஆரம்பித்தாய். நம் கும்மி அந்த நாலுக்குள் உட்காருமா? ஓர் அடி நீளும், அடுத்த அடி குறுகும், நடுவில் வட்டம் திரும்ப ஒரு கைத்தட்டு கூட வேண்டும். மூன்றாவது அடியில் நீ ஒரு பக்கம், மத்தளம் ஒரு பக்கம்.

"பந்த் பண்ணுளா அத. வாடகைக்கு வந்தவன் மாதிரி அவசரப்படுதான்."

அடுத்தது குரலை வழவழப்பாக்கும் ஆப். நீ பாடியதை அது திருப்பிப் போட்டது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மூக்கடைத்துக்கொண்டு பாடுவதுபோல இருந்தது. நீ கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாய். "நல்லாத்தான் பாடுதா. யாரு வீட்டுப் பிள்ள?" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தையல் கோலியில் மெஷின் நின்றது. அதை அன்றைக்கே அழித்தோம்.

மூன்றாவதாகத்தான் சிவப்பு வட்டம் வந்தது. அழுத்தினால் பிடிக்கும், மறுபடி அழுத்தினால் நிறுத்தும். மத்தளம் இல்லை, மினுக்கு இல்லை. ஒரு பாட்டின் மேல் இன்னொரு குரலையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்று போட்டிருந்தது. நாம் அந்தப் பக்கமே போகவில்லை.

"இதான் சரி. குறுக்க பேச மாட்டேங்கு" என்றாய்.

ஐப்பசியில் நாலு மத்தியானம், நாலு பாட்டு, ஒவ்வோர் அடிக்கும் பின்னால் நாங்கள் திருப்பிச் சொல்ல இடம் விட்டு. உன் கண்ணாடி வளையல், குக்கர் விசில், பின்னால் தகரம் வெட்டும் சத்தம், உன் இருமல், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது பிடித்தது. நாலாவது, கடைசி நாள் நீளப் பாட்டு. அதில் ஒவ்வொரு வருடமும் நீ கூட்டிச் சேர்க்கும் அடிகள் வரும்.

தாராவித் தகரத்திலே தண்ணி வந்து கொட்டையிலே
தாயே ஒம் பயிரு மட்டும் தலை நிமிந்து நிக்குதடி

இதைப் பாடிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். முந்தின வாரம்தான் என் கோலிக் கூரை ஒழுகியிருந்தது.

பொங்கலுக்கு முன்னால் நீ போய்விட்டாய். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

ஆனி பிறந்ததும் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மற்றப் பாட்டெல்லாம் எல்லாரும் சேர்ந்தே பாடிவிடலாம். கடைசி நாள் பாட்டை யார் எடுத்துக் கொடுப்பது? "அவ பாடி வச்சிட்டுப் போயிருக்கா, எங்கிட்ட இருக்கு" என்று சொன்னேன். நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. மைக்செட்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஆச்சி, ஒரே கச்ராவா இருக்கே. குக்கர், தகரம், இழுப்பு. ஸ்பீக்கர்ல போட்டா இந்தக் குப்பதான் பெருசாக் கேக்கும். சாஃப் பண்ணுற ஆப் இருக்கு, போட்டுக் கொண்டாங்க."

வீட்டுக்கு வந்து மைக்கை அழுத்தி "சத்தம் நீக்க" என்று சொன்னேன். வந்ததில் அழகாக இருந்ததை எடுத்தேன். அதில் ஒரு துடைப்பம் படம். முதல் பாட்டைப் போட்டதும் குக்கர் போயிற்று, தகரம் போயிற்று, கிணற்றில் ஊறிய தண்ணீர் மாதிரி உன் குரல் மட்டும் தெளிவாக வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பழையதற்குப் பதிலாக இதை வைக்கவா?" என்று கேட்டது. போனில்தான் இடம் இல்லையே, "ஆம்" என்று அழுத்தினேன். இரண்டாவது பாட்டு, ஆம். மூன்றாவது, ஆம். நாலாவதைப் போட்டபோது, இன்றைக்கு மூன்றுதான் இலவசம், நாளை வா என்றது. கடைக்காரன் மாதிரி. சரி என்று வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நாலைந்து பேரைக் கூட்டி வைத்து, துடைத்த பாட்டைப் போட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்த்தோம். உன் அடி முடிந்தது, நாங்கள் எடுத்தோம். எங்கள் அடி முடியுமுன் நீ வந்துவிட்டாய். அடுத்த அடிக்கு நாங்கள் காத்திருந்தோம், நீ வரவில்லை. நாங்கள் எடுத்தால் நீ வருகிறாய். குறுகலான சந்தில் எதிரெதிரே வருகிறவர்கள் மாதிரி முட்டிக்கொண்டே இருந்தோம். யாருடைய தப்பென்று தெரியவில்லை. மூன்றாவது தடவையும் அப்படித்தான் ஆயிற்று. அப்போது தையல் கோலி மாரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"பெரியம்மா மூச்சு எடுக்கதே கேக்கலியே. பொறவு நாங்க எப்ப நிறுத்த, எப்பப் புடிக்க?"

மைனி, நாற்பது வருடம் பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் உன் அடியைக் கேட்டுப் பாடியதே இல்லை. அடிக்கு முன்னால் நீ மூக்கால் இழுக்கும் மூச்சைக் கேட்டுத்தான் நிறுத்தினோம். அது குட்டையாக இருந்தால் குட்டை அடி, நீளமாக இருந்தால் நீள அடி. கை உயரும்போது வளையல் இறங்குகிற சத்தம் வட்டத்தைத் திருப்பியது. அந்த ஆப்புக்கு அதெல்லாம் குப்பை. மூச்சு எது, தகரம் எது என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மூச்சில்லாமல் கஷ்டப்பட்டுப் போனவள் நீ. மிச்சம் வைத்துப் போனதையும் நான் என் விரலாலேயே துடைத்தேன், மூன்று தடவை "ஆம்" என்று சொல்லி.

பைத்தியம் மாதிரி அந்தப் போனுக்குள் தேடினேன். பழைய மூன்றும் எங்கேயும் இல்லை. நாலாவது மட்டும் அப்படியே இருந்தது. குக்கரும் தகரமும் இருமலுமாக, துடைப்பம் படாமல். சிவப்பு வட்டத்தில் அதைப் போட்டேன். முதல் மூச்சு கேட்டதும் மாரி தன்னை அறியாமல் கையைத் தூக்கிவிட்டாள். நாலைந்து பேரும் சரியாக வந்து சேர்ந்தோம்.

அத்தோடு நின்றிருந்தால் நான் இன்று இப்படி அலைய மாட்டேன். முளைப்பாரி அறையைப் பார்த்துக்கொள்ளும் பொன்னம்மா அக்காவுக்குச் செய்தி போய்விட்டது. நேராக என் கோலிக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"போய் ஒரு வருசம் கழியல. சாவு விழுந்த துட்டி வீட்டுக் கொரல ஆத்தா முன்னால கொண்டாருவியா? எனக்கும் அவ மேல பாசம்தான். பாசம் வேற, மொறை வேற. பாடுறதுன்னா உயிரோட இருக்கவ பாடட்டும். நீ பாடு."

நீ பாடு என்றாள். நாற்பது வருடமாக நான் கேட்க நினைத்த வார்த்தை. ஆனால் அந்த நீளப் பாட்டில் எந்த அடிக்குப் பின் எந்த அடி என்று எனக்குத் தனியாக வராது. நீ எடுத்தால் வரும். திருப்பிச் சொன்னவளின் படிப்பு அவ்வளவுதான். வராது என்று அக்காவிடம் சொல்லியிருக்கலாம். பெருமை விடவில்லை. "சரி அக்கா, பாடுதேன்" என்றேன்.

அப்புறம் செய்ததைத்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேரன் வாங்கிக் கொடுத்த ப்ளூடூத் ஒன்று உண்டு, காதில் சொருகுவது. அதை இடது காதில் வைத்துக்கொண்டு, உன் பாட்டைப் போட்டு, நீ ஒரு மூச்சு முன்னால் போக நான் பின்னாலேயே பாடிப் பழகினேன். பத்து நாள். போனை மடியில் வைத்து, நடுநடுவே விரலால் தொட்டு, எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே பழகினேன். காதில் நீ, வாயில் நான். துட்டி வீட்டுக் குரலை ஸ்பீக்கரில்தானே போடக் கூடாது என்றாள், என் காதுக்குள் இருந்தால் யாருக்கு என்ன என்று எனக்கு நானே வக்கீல் ஆகிக்கொண்டேன்.

நேற்றுச் சாயங்காலம் நல்ல மழை. கோயில் முன்னால் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கொண்டைப் பூவைக் காது மறையும்படி இறக்கி வைத்தேன். போனைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகினேன். நீ மூச்சு எடுத்தாய், நான் எடுத்தேன். முதல் அடி விழுந்தது. நாற்பது பேரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. "மைனி கொரலாட்டமே இருக்கு!" என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது. பொன்னம்மா அக்கா தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். நான் ராணி மாதிரி நடந்தேன்.

மூன்றாவது சுற்றில், தாராவித் தகரம் அடியை முடித்ததும், காதில் ஒன்றும் இல்லை.

கேட்கவில்லையோ என்று பூவோடு சேர்த்து அமுக்கினேன். இல்லை. பத்து நிமிடம் தொடாவிட்டால் போன் திரை அணையுமாம், அணைந்ததும் அந்த ஆப் தானாக நின்றுவிடுமாம். இன்று காலைதான் கண்டுபிடித்தேன். மடியில் வைத்து விரலால் தொட்டுக்கொண்டே பழகியதால் திரை அணைந்ததே இல்லை. நேற்று அது எனக்குத் தெரியாது. நீ இரண்டாம் தடவை போய்விட்டாய், அவ்வளவுதான் தெரிந்தது.

நாற்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். அடுத்த அடி வரவில்லை. பயத்தில் மூச்சை இழுத்தேன், நீளமாக, சத்தமாக. அதைக் கேட்டு அவர்கள் தயாராகிவிட்டார்கள். இனி ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும். பாடியதையே பாடினேன், தாராவித் தகரத்திலே. அவர்களும் சொன்னார்கள். மறுபடி மூச்சு, மறுபடி அதே அடி. மாரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூன்றாவது தடவை அதே அடியைப் பாடி முடிக்கையில், அடுத்தது எங்கிருந்தோ வந்து நாக்கில் விழுந்தது. அதற்கடுத்ததும் வந்தது. இரண்டு இடத்தில் மாற்றிப் பாடினேன், ஓர் இடத்தில் பாதி விட்டேன். உன் கண்ணடிப்பு மட்டும் என்னால் முடியவில்லை. ஆனால் பாட்டு முடிந்தது, மைனி. முளைப்பாரி நனையாமல் தலைக்கு ஏறியது.

முடிந்ததும் பொன்னம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த அடிய மூணு தரம் திருப்புனியே, அங்கதான்ளா எனக்குக் கண்ணு கலங்கிட்டு. மிஷினு அப்பிடிப் பாடுமா? அடுத்த வருசமும் நீதான்" என்றாள். நான் சிரித்தேன். காதில் அந்த ப்ளூடூத் அப்படியே இருந்தது. கொண்டைப் பூவை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டேன்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். முதல் இரண்டு சுற்று உன்னுடையது. அப்புறம் தட்டுத் தடுமாறியது என்னுடையது. அவள் கண் கலங்கியது என் தடுமாற்றத்துக்கு. அதற்காவது நான் பெருமைப்படலாமா, கூடாதா? முறையை மீறிவிட்டேனா, இல்லையா? உன் குரலை ஒளித்துவைத்த இடத்தில் உன்னையே ஒளித்துவைத்ததுபோல இருக்கிறது. அது உனக்கு மரியாதையா?

எழுதிக்கொண்டே இதுவரைக்கும் வந்துவிட்டேன். எழுந்துபோய் மத்தளத்தை அழித்தேன். துடைப்பத்தை அழித்தேன். சிவப்பு வட்டத்தைத் தொடவில்லை. அதை அழித்தால் உள்ளே இருக்கிற பாட்டும் போய்விடுமாம். மூச்சில்லாத மூன்று பாட்டையும் அதிலேயே வைத்திருக்கிறேன். நான் செய்த வேலை, என் கண்ணெதிரே இருக்கட்டும்.

காலையில் சின்னவன் மகள் என் கன்னத்தைப் பிடித்து, "ஆச்சி, நீ பேசுறதுக்கு முந்தி ஏன் இப்படி மூச்சு இழுக்கிற? ஓடி வந்த மாதிரி" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. டீக்காரரிடம் கால் லிட்டர் பால் கேட்பதற்குக்கூட முன்னால் ஒரு மூச்சு இழுக்கிறேனாம். அது உன்னுடையதுதான். அதை எந்தப் போனிலும் போட்டு வைக்க வேண்டியதில்லை. நான் இருக்கிற மட்டும் இருக்கும்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்தத் தாளைப் படம் எடுத்து நம் முளைப்பாரிப் பெண்கள் வாட்ஸப் குழுவிலேயே போடப் போகிறேன். பொன்னம்மா அக்கா படிப்பாள். அடுத்த வருடம் எடுத்துக் கொடுக்கிற இடத்தை அவள் வேறு யாருக்காவது கொடுத்தால் கொடுக்கட்டும். மாரிக்குக் கொடுக்கட்டும், அவளுக்குக் காது இருக்கிறது. திருப்பிச் சொல்ல எனக்குத் தெரியும்.

குழுவில் படிக்கிறவர்களில் உன் மகளும் உண்டு. சான்பாடாவிலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறாள், பதில் போடுவதில்லை. அவளுக்கு ஒரு வார்த்தை. அம்மாடி, இந்தக் குழுவின் முகப்புப் படமாக நீ வைத்திருப்பது ஸ்டூடியோவில் எடுத்தது. அதில் உன் அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு யாரோ மாதிரி இருக்கிறாள். கொடையில் எடுத்தது ஒன்றாவது உன் வீட்டில் இருக்கும், கையைத் தூக்கி, வாயைத் திறந்து, அடுத்த அடியை எடுக்கப்போகிற மாதிரி. படம் ஆடியிருந்தாலும் பரவாயில்லை, இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அதைத் தேடி எடுத்து முகப்பில் போடு.